சிரிப்பு விழுந்த இடம்: நகைச்சுவைக் குழந்தை வளர்ப்பு நிகழ்ச்சி ஒன்றும் ஒரு குடும்பமும்

இந்தக் குடும்பத்தின் பெற்றோர் தங்கள் அனுபவத்தை எழுத ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரையும் சொல்லவில்லை. அதைத் தயாரித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் அந்த நிகழ்ச்சியின் குழந்தை வளர்ப்பு ஆலோசகராக இருந்தது நான்தான்.

பின்னணி

வாரத்துக்கு ஒரு முறை, இரவில் அரை மணி நேரம் ஒளிபரப்பான நிகழ்ச்சி அது. கணவன் மனைவியாக இரண்டு நகைச்சுவை நடிகர்கள். அரங்கில் ஒரு வீடு, எதிரே பார்வையாளர்கள். பெற்றோர் எழுதி அனுப்பும் சிக்கல்களில் ஒன்றை எடுத்து நான்கைந்து நிமிடக் குறுநாடகமாக நடித்துக் காட்டுவார்கள். அதன் முடிவில், அந்தச் சிக்கலை எப்படிக் கையாளலாம் என்பது விளங்க வேண்டும். உடன்பிறந்தோர் சண்டை, சாப்பிட மறுக்கும் பிள்ளை, பள்ளிக்குப் புறப்படும் காலைப் பரபரப்பு என்று வாரம் ஒன்று. கதைவசனத்தைப் படித்து, குழந்தையின் மனவளர்ச்சிக்கு ஒவ்வாதது இருந்தால் சொல்வதும், குறுநாடகத்தின் கடைசிக் காட்சிக்கான ஆலோசனையை எழுதித் தருவதும் என் வேலை.

இந்த வேலையை நான் விரும்பி ஏற்றேன். ஆலோசனை மையத்தின் படியேறத் தயங்குகிறவர்கள் ஏராளம். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வெளியில் சொல்வதையே மானக்கேடாக நினைக்கிறவர்கள் அவர்கள். தங்கள் வீட்டில் நடப்பதே திரையிலும் நடப்பதைப் பார்த்து ஒரு தந்தை வாய்விட்டுச் சிரிக்கும்போது, அவர் மனத்தில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்குகிறது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெற்றோரின் போக்குகளை மூன்றாகப் பிரித்தார்: கண்டிப்பு மட்டும் உள்ளவர்கள், கனிவு மட்டும் உள்ளவர்கள், இரண்டையும் சேர்த்துக் கையாள்பவர்கள். மேடையில் ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த வேறுபாடு மனத்தில் தங்காது. நல்ல நடிகர் ஒருவர் மூன்று நிமிடத்தில் அதைப் பதிய வைத்துவிடுவார். இன்றும் அந்த நம்பிக்கையில் எனக்கு மாற்றமில்லை.

அந்தக் குறுநாடகம்

இரவு படுக்கும் நேரம். கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனிடம் தந்தை, "போதும்" என்கிறார். சிறுவன் தரையில் விழுந்து கை கால்களை உதைத்து அழுகிறான். தந்தை ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு தானும் தரையில் விழுந்து அதே போல, அவனைவிட உரக்க அழுகிறார். சிறுவன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தபடி அவரைப் பார்க்கிறான். அரங்கம் அதிர்கிறது.

கதைவசனத்தில் காட்சி இதோடு முடியவில்லை. அடுத்து, தந்தை எழுந்து உட்கார்ந்து, "எனக்குக்கூட இப்படி அழுதால் தொண்டைதான் வலிக்கிறது. உனக்கு இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசை. நிறுத்தியதில் கோபம். புரிகிறது. ஆனாலும் இன்றைக்கு அவ்வளவுதான்" என்பார். சிறுவன் மறுபடியும் அழுவான். தந்தை பக்கத்தில் பேசாமல் இருப்பார். அழுகை மெல்லத் தணியும். நான் எழுதிய பகுதி அதுதான். தந்தை தரையில் விழுவது நடிகரின் யோசனை. அடுத்த காட்சி அதைச் சரிப்படுத்திவிடும் என்று எண்ணி நான் ஒப்புக்கொண்டேன்.

ஒளிபரப்பில் அந்த அடுத்த காட்சி இல்லை. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் போனதால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தைப் படத்தொகுப்பில் எடுத்துவிட்டார்கள். சிறுவனின் பிளந்த வாயோடு குறுநாடகம் முடிந்தது. தொகுத்து முடித்த வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

தாயின் கடிதம்

ஒளிபரப்பாகி 6 வாரங்கள் கழித்து ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. 8 வயது மகள், 4 வயது மகன், கணவர், மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். மகன் இரவில் திரையை அணைத்தால் அழுவான். வாரத்தில் மூன்று நான்கு நாள், பத்து பதினைந்து நிமிடம் நீடிக்கும். அந்த வயதுக்கு இது அரிதானதல்ல. நிகழ்ச்சியைப் பார்த்த மறுநாளே தந்தை தரையில் விழுந்து அழுது காட்டினார். மகன் திகைத்து நின்றான். அன்று அழுகை உடனே நின்றது. வீடே சிரித்தது. மூன்றாம் நாள் தாய் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து உறவினர்களுக்கு அனுப்பினார்.

இரண்டாவது வாரம் திகைப்பு தீர்ந்துபோனது. தந்தை விழுந்ததும் மகன் ஓடிவந்து அவர் முகத்தில் அடித்தான். மூன்றாவது வாரத்தில் அக்காவும் அவனைப் போல அழுது காட்டத் தொடங்கினாள், அவன் அழாத நேரத்திலும். பிறகு ஒரு நாள் அழுகைச் சத்தமே கேட்கவில்லை. வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். பாட்டி தேடிப் போனபோது, அவன் அலமாரிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"என் மாமியார் அன்று முழுவதும் எங்களிடம் பேசவில்லை. இரவில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: 'அழுகிற பிள்ளைக்குப் பழிப்புக் காட்டலாமா?' அதற்கு எங்களிடம் பதில் இல்லை" என்று கடிதத்தில் இருந்தது. கூடவே ஒரு செய்தி: மழலையர் பள்ளியில் விழுந்து முழங்கால் சிராய்த்திருக்கிறது, மகன் ஆசிரியையிடம் சொல்லவே இல்லை. மாலையில் உடை மாற்றும்போதுதான் தாய் பார்த்திருக்கிறார்.

பழிப்புக் காட்டுதல். எங்கள் குழுவில் இதை நாங்கள் பல பெயர்களில் குறிப்பிட்டோம்: கண்ணாடி உத்தி, கவனம் திருப்புதல், எதிர்பாராத எதிர்வினை. சரியான பெயரைச் சொன்னவர் அந்தப் பாட்டிதான். அந்தப் பெயர் தொடக்கத்திலேயே எங்கள் மேசைக்கு வந்திருந்தால் அந்தக் காட்சியை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் கண்டவை

பெற்றோரின் அழைப்பின் பேரில் இரண்டு மாலைகள் அந்த வீட்டில் இருந்தேன். தந்தை கல்நெஞ்சர் இல்லை. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறவர். வேடிக்கைப் பேச்சு அவருடைய இயல்பு. இருவரும் சேர்ந்து விளையாடும்போது மகன் மூச்சு முட்டச் சிரித்தான்.

இரவில் திரை அணைந்ததும் நடந்தது வேறு. மகனின் உதடு பிதுங்கியது. அழத் தொடங்குவதற்கு முன் அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு அப்பாவின் முகத்தை, பிறகு என் முகத்தை. அதன் பின் அறையை விட்டு வெளியேறினான். நான் பின்னால் போனேன். "அழுகிறாயா கண்ணா?" என்று தாய் கேட்டதற்கு, கண்ணில் நீர் வழிய, "நான் அழவில்லை" என்றான்.

இதை வெறும் வீம்பு என்று ஒதுக்க முடியாது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் அறிந்துகொள்கிறார்கள். அதற்குப் பின்தான் கூச்சமும் வெட்கமும் அவமான உணர்வும் தலைகாட்டுகின்றன. 4 வயதுக் குழந்தைக்குத் தான் கேலிக்கு ஆளாகிறோம் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கேலிக்குள் அன்பு இருக்கிறது என்பதைப் பிரித்தறியும் திறன் இன்னும் வந்திருக்காது. சொல்வது ஒன்று, உட்பொருள் வேறு என்ற வகைப் பேச்சைப் பிள்ளைகள் 5, 6 வயதில்தான் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். அது முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். மகனோடு சேர்ந்து விளையாடுகிறோம் என்று தந்தை நினைத்தார். அப்பா தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று மகன் நினைத்தான்.

முதல் நாள் அழுகை நின்றதற்குக் காரணம் ஆறுதல் இல்லை, வியப்பு. எதிர்பாராத பெரிய சத்தமும் அசைவும் எந்தக் குழந்தையையும் சில நொடி உறைய வைக்கும். பழகிய பின் அந்த ஆற்றல் போய்விடும். அப்போது பெற்றோர் இன்னும் உரக்கச் செய்வார்கள், குழந்தையும் இன்னும் உரக்கச் செய்யும். ஒருவர் கடுமையை மற்றவர் கடுமை வளர்க்கும் இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த வீட்டில் அந்தச் சுழல் இரண்டாவது வாரத்திலேயே மகன் அப்பாவை அடிப்பதில் போய் முடிந்திருந்தது.

ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது

திரும்பி வந்ததும் அந்தக் குறுநாடகத்தை மறுபடி பார்த்தேன். முதல் முறை ஒலியோடு, அடுத்த முறை ஒலி இல்லாமல்.

ஒலி இல்லாதபோது சிறுவனின் முகம் எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. கலங்கிப்போன ஒரு குழந்தையின் முகமாகத்தான் தெரிந்தது. நடித்த சிறுவனுக்கு அதனால் பாதிப்பில்லை. ஒத்திகையிலேயே எல்லாம் அவனுக்குத் தெரியும், காட்சி முடிந்ததும் சிரித்தபடி எழுந்து ஓடினான். பார்க்கும் குழந்தைக்கு அந்த ஒத்திகை தெரியாது.

ஒலியோடு பார்த்தபோது இன்னொன்று உறைத்தது. அரங்கில் மக்கள் சிரித்தது தந்தை விழுந்த கணத்தில். படப்பிடிப்பில் இருந்தவன் என்பதால் எனக்கு நினைவிருந்தது. பெரிய மனிதர் ஒருவர் தொப்பென்று விழுந்ததற்கான சிரிப்பு அது. ஒளிபரப்பிலோ அந்தச் சிரிப்பொலி நீட்டப்பட்டு, சிறுவனின் முகம் அண்மைக்காட்சியில் வரும்போது உச்சத்துக்குப் போனது. பதிவுசெய்த சிரிப்பொலியைக் கூட்டிக் குறைக்கும் வழக்கம் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1950களிலேயே அதற்கென ஒரு கருவி செய்தார். படத்தொகுப்பாளர் காட்சிக்கு வேகம் கூட்டவே அப்படிச் செய்தார். ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுப்பது அந்த ஒலிதான். பெரியவர் மீது விழுந்த சிரிப்பு இரண்டு நொடி நகர்ந்து குழந்தை மீது விழுந்துவிட்டது. தந்தையும் அக்காவும் வீட்டில் திரும்பச் செய்தது அந்த இரண்டு நொடியைத்தான்.

குடும்பத்தோடு எடுத்த முடிவுகள்

முதலில், எவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது பலரும் சொல்லும் வழி. பல வீடுகளில் பயன் தருவதும்கூட. குழந்தையைச் சில நிமிடம், வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், தனியே உட்கார வைப்பதும் அப்படியே. தாய் இரண்டையும் பற்றிக் கேட்டார். இவனுக்கு இரண்டும் இப்போது ஆகாது என்றேன். இரண்டுமே கவனத்தை விலக்கிக்கொள்ளும் முறைகள். தன்பக்கம் யாரும் இல்லை என்று அலமாரிக்குப் பின்னால் ஒளிகிற குழந்தையிடமிருந்து விலக்கிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

பழிப்புக் காட்டுவதை வீட்டில் எல்லோரும் அன்றே நிறுத்த வேண்டும் என்பது முதல் முடிவு. மகளைத் திட்டக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் பொம்மையை வைத்துச் செய்த சோதனையில் காட்டினார். அந்தச் சிறுமியிடம் நான் பேசியபோது அவள் சொன்னது: "டிவியில் எல்லோரும் சிரித்தார்களே."

இரண்டாவது, தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது. நீளமாகப் பேசினால் குழந்தைக்குச் சுமையாகும் என்பதால் சொற்களை முன்கூட்டியே யோசித்தோம். "நீ அழுதபோது நான் உன்னைப் போலச் செய்து காட்டினேன். அது தப்பு. இனிமேல் செய்ய மாட்டேன்." தந்தை இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது, இரவு நேர ஒழுங்கு. திரையை அணைப்பதற்கு முன் ஒரு முறை சொல்வது, அணைக்கும் பொத்தானை மகனே அழுத்துவது, பிறகு நேராகப் படுக்கை. 3, 4 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. எங்கள் நிகழ்ச்சியே அவன் தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில்தான் ஒளிபரப்பானது, அவனும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அழுதால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உணர்வை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. முதல் வாரம் அழுகை கூடும் என்று முன்பே எச்சரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் பெற்றோர் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார்கள்.

நான்காவது, படம்பிடித்ததை அழிப்பது, உறவினர்களையும் அழிக்கச் சொல்வது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. குழந்தையின் அந்தரங்கத்தையும் மதிப்பையும் காக்கும் உரிமை அதன் 16ஆம் பிரிவில் இருக்கிறது. தாய்க்கு இது புதிய செய்தி. "என் பிள்ளை, என் கைப்பேசி என்று நினைத்தேன்" என்றார்.

கடைசியாக, தந்தையின் வேடிக்கை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. அந்த வீட்டின் பெரிய செல்வம் அதுதான். அதற்கு ஓர் அளவுகோல் மட்டும் தந்தேன்: வேடிக்கை முடிந்ததும் மகன் "இன்னொரு தடவை" என்று கேட்க வேண்டும். கேட்டால் அது அவனுக்கும் வேடிக்கை. அவன் அழும்போது வேடிக்கைக்கு இடமே இல்லை. தந்தை சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு கை நுழையும் ஓட்டையைத் தேடுவார், மகன் வழி சொல்வான். அதை அவன் ஒரே மாலையில் எட்டு முறை கேட்டான்.

தயாரிப்புக் குழுவோடு

கடிதத்தை இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் பக்கத்தைச் சொன்னார்: உச்சச் சிரிப்புக்குப் பின் வரும் அமைதியான காட்சி எப்போதும் தொய்ந்துவிடும், அப்போது மக்கள் வேறு அலைவரிசைக்குப் போவார்கள். அவர் சொன்னது உண்மை. எங்கள் நிகழ்ச்சியின் அடிப்படைக் குறை அதில்தான் இருந்தது. நகைச்சுவையை முன்னாலும் ஆலோசனையைப் பின்னாலும் வைத்தோம். வெட்ட வேண்டி வந்தால் பின்னால் இருப்பதுதான் வெட்டுப்படும். வெட்டாவிட்டாலும், பார்ப்பவர் மனத்தில் தங்குவது சிரித்த கணம். அந்தக் கணத்தில் என்ன செய்தார்களோ அதையே ஆலோசனை என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். தொகுத்து முடித்த வடிவத்தை நான் பார்ப்பது. குழந்தையின் அழுகை மீதோ கலங்கிய முகத்தின் மீதோ சிரிப்பொலி வராமல் பார்ப்பது. அந்தக் குறுநாடகத்தை மறு ஒளிபரப்பிலிருந்து நீக்கி, அதே சூழலில் புதியது ஒன்று எடுப்பது. புதியதில் தந்தை தரையில் விழுந்து அழுகிறார். சிறுவன் எதுவும் சொல்லாமல் தன் போர்வையைக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுகிறான். தந்தை வெட்கப்பட்டு எழுந்து, "நான் உனக்குச் செய்ய வேண்டியதை நீ எனக்குச் செய்கிறாய்" என்கிறார். சிரிப்பு வந்தது. முழுவதும் பெரியவர் மீது. ஆலோசனை அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருந்ததால் வெட்டவும் முடியவில்லை. இந்த யோசனையைச் சொன்னவரும் முதலில் தரையில் விழுந்த அதே நடிகர்தான்.

தொடர்ந்து நடந்தவை

முதல் வாரம் சொன்னது போலவே கடினமாக இருந்தது. ஓர் இரவு அழுகை 25 நிமிடம் நீண்டது. தந்தை பொறுமையிழந்து வெளியே போக, தாய் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரத்தில் பெரும்பாலான நாட்களில் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்தது. அழாத நாட்களும் வந்தன. அலமாரிக்குப் பின்னால் ஒளிவது ஐந்தாவது வாரத்தோடு நின்றது. அந்த இடுக்கில் பாட்டி ஒரு கூடையை வைத்து அடைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே எதனால் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

படம்பிடித்ததை உறவினர்கள் அழித்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் அதை வேறு சிலருக்கு அனுப்பியிருந்தார், அங்கிருந்து அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தாய் இன்றும் அதை நினைத்து வருந்துகிறார். எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துப் பேசியபோது, மகன் பள்ளியில் விழுந்ததும் ஆசிரியையிடம் ஓடிப் போய்க் காயத்தைக் காட்டியதாகச் சொன்னார்கள். ஆனால் அழத் தொடங்கும் முன் அக்காவின் முகத்தை ஒரு முறை பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அவன் பார்க்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தாயிடம் கேட்டிருக்கிறாள்.

இன்று செய்தால்

கதைவசனத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் தர மாட்டேன். தொகுப்பை முதலில் ஒலி இல்லாமல் பார்ப்பேன். குழந்தை அழும் காட்சியில் வேடிக்கை இருந்தால், அடுத்த காட்சி சரிசெய்துவிடும் என்று நம்பாமல் அந்த இடத்திலேயே தடுப்பேன். எந்த ஆலோசனைக்கும் அது எந்த வயதுக்கு, எத்தனை நாள் பிடிக்கும் என்பதை நடிகர்களின் வாயாலேயே சொல்ல வைப்பேன். திரையில் நான்கு நிமிடத்தில் அடங்கும் அழுகை, வீட்டில் மூன்று வாரம் எடுக்கும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கும் ஒன்றை முன்னதாகவே சொல்லியிருப்பேன். மகனை மட்டுமே மையமாக வைத்துத் திட்டம் போட்டதில், அந்த 8 வயதுச் சிறுமி தன்னால்தான் தம்பி ஒளிந்தான் என்று மனத்துக்குள் சுமந்ததைக் கவனிக்காமல் விட்டேன். அவளோடு தனியாக இரண்டாம் முறை பேசியது மூன்று மாதத்துக்குப் பிறகுதான். "நீ தம்பியைப் பார்த்துச் சும்மா இரு, போதும். அவன் வருவான்" என்று சொன்னேன். "அழுதுகொண்டே வந்தால்?" என்று கேட்டாள். பக்கத்தில் இடம் கொடுக்கச் சொன்னேன்.